மழை நாளில் வாங்க, சார்

எங்கள் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூரையைச் சரிசெய்ய ஓசூர்க் கம்பெனி ஒன்று பணம் தரக்கூடும் என்று தெரிந்ததும், எங்கள் ஊர் முதலில் செய்த வேலை அந்தக் கூரையை மறைத்ததுதான்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. வேப்பனப்பள்ளியைத் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த அரசுத் தொடக்கப்பள்ளி அது. அரசுப் பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கூரை சரியாகாவிட்டால் பெரிய வகுப்பறையைப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் கல் லாரிகள் ஓடும் சாலையைக் கடந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும். "அந்த ரோட்டுல பொட்டப்புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். கூரை போனால் என் படிப்பும் போகும்.

பெற்றோர்களைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அம்மாதான் தலைவி. கம்பெனிக்காரர் பார்க்க வருகிறார் என்றதும் விருந்தாளி வரும் வீட்டைப்போலப் பள்ளியைத் தயார் செய்தாள். மாரியம்மன் திருவிழாப் பந்தல் துணி கூரைக்குக் கீழே கூடாரமானது. ஒழுகிய கறைகளின் மேல் சுண்ணாம்பு. உடைந்த பெஞ்சுகள் தோப்புக்குள் போயின, நல்ல பெஞ்சுகள் சர்ச்சிலிருந்து வந்தன. வந்தவர் மாம்பழச் சாற்றைக் குடித்துவிட்டு, "ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க. இதைவிட மோசமான ஸ்கூலுக்கு முதல்ல செய்யறோம்" என்றார். நாங்கள் பலமாகக் கைதட்டினோம்.

"ஏன் அண்ணி, பொண்ணு பாக்க வந்தாப்புல ஜோடிச்சு நிறுத்துனா அவரு ஓட்டையவா தேடுவாரு?" என்று சித்தப்பா சிரித்தார்.

அம்மா மறுநாள் டீச்சரின் போனில் கம்பெனிக்காரரை அழைத்தாள். "சார், நேத்து நீங்க பாத்தது எங்க பந்தலைத்தான். மழை நாளில் ஒருதரம் வாங்க." அவர் பார்க்கலாம் என்றார். அம்மா விடவில்லை. மேகம் திரண்ட நாளெல்லாம் போன் போனது. "மழை எறங்குது சார், கெளம்பிட்டீங்களா?"

கடைசியில் ஒருநாள், கொட்டும் மழையில் வந்தே விட்டார்.

பந்தல் துணி இல்லை. நாங்கள் வழக்கம்போல் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டியிருந்தோம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சத்துணவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஒழுகும் இடத்துக்கு ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கீழ வை. ஒழுகட்டும்."

"அவரு பாக்கறாரும்மா!"

"பாக்கத்தான் வந்திருக்கறாரு."

ஒழுகும் இடத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்தாள். டம்ளருக்குள் ஓட்டு நீர் சொட்டியது. அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அம்மா பார்க்கவில்லை.

அடுத்த கோடையில் புதுக் கூரை வந்தது. அதன் கீழேதான் ஐந்தாம் வகுப்பை முடித்தேன். இன்று ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன்; கசிவைத் துடைத்து வைக்காதீர்கள், அப்படியே காட்டுங்கள் என்று யாரிடமாவது தினமும் சொல்கிறேன்.

அந்த மழை நாளில் நான் அம்மாவை விட்டு முன்னால் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தேன். யாராவது வீட்டுக்கு வந்தால் பாயின் கிழிசலைக்கூடச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடுகிறவள் அவள். அது அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.