சுரங்க வாயில் வெண்டலின் இடம்

என் அண்ணன் வெண்டல் ஹட்டோவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ஊரில் எல்லோரும் ஆட்டத்தில்தான் தொடங்குவார்கள். நான் அவன் தோளில் தொடங்குகிறேன். கழுத்து முறிந்த பிறகு, தொட்டால் தெரிகிற இடம் என்று அவன் உடம்பில் மிஞ்சியது முகமும் கழுத்தும் இரண்டு தோள்களின் மேல்பகுதியும்தான். அதற்குக் கீழே கொதிக்கிற காப்பியைக் கொட்டினாலும் தெரியாது. ஒரு தடவை கை தவறிக் கொட்டியே விட்டேன். தொடை தோலுரிந்து போனதைப் பார்த்து நான்தான் கதறினேன். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்ல காப்பி வீணாப் போச்சே, நெல்" என்றான். நெல் என்பது நான், அவன் தங்கை.

எங்கள் ஊர் கால்டர், அலபாமாவின் வடக்கு மூலையில் இருக்கிறது. சொல்லிக்கொள்ள ஒரு கல்லூரி, அந்தக் கல்லூரிக்கு ஒரு ஃபுட்பால் அணி, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால். அணியின் சின்னம் கோவேறு கழுதை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எங்கள் மைதானத்துக்குள் வந்து சிரித்தவன் எவனும் கிடையாது. சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பெரிய பள்ளத்துக்குள் கட்டிய மைதானம் அது. குழி என்றுதான் சொல்வோம். மூன்று பக்கமும் பாறைச் சுவர், அதனால் இருபதாயிரம் பேர் கத்தினால் அறுபதாயிரம் பேர் கத்துவதுபோலக் கேட்கும். எதிரணிக்காரர்கள் உள்ளே வருகிற சுரங்கம் தாழ்வானது. ஆறடி ஆளெல்லாம் குனிந்துதான் வர வேண்டும், மேலிருந்து தண்ணீர் வேறு சொட்டும். அவர்கள் குளிக்கிற அறையில் வெந்நீர் வராது. பழுது என்று நினைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். பாதி ஆட்டத்தை அந்தச் சுரங்கத்திலேயே தோற்றுவிட்டுத்தான் வெளியே வருவார்கள்.

உண்மையைச் சொன்னால் எங்கள் அணி சுமார் ரகம். வெளியூருக்குப் போனால் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆனாலும் கால்டர் என்றால் மற்ற கல்லூரிக்காரர்கள் வரவே யோசிப்பார்கள். அந்தப் பெயரையெல்லாம் வாங்கிக் கொடுத்தது பையன்கள் இல்லை, அந்தப் பள்ளம்தான்.

வந்தவர்கள் மட்டும் ஏமாந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் பையன்களும் ஏமாந்தார்கள். வெண்டலுக்கு அப்போது இருபது வயது, ஒல்லிக்குச்சி. பந்தை உதைத்ததும் ஓடிப்போய், அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவனை மோதிச் சாய்ப்பதுதான் அவன் வேலை. தலையை நிமிர்த்தி மோது, நிமிர்த்தி மோது என்று கோச் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். கழுத்து முறிந்த அன்றைக்குப் பந்தோடு வந்த எதிரணிப் பையன் இவனைப் போல ஒன்றரை மடங்கு. இவன் தலையைக் குனிந்துகொண்டு போய் முட்டினான்.

"ஏன்டா அப்படிப் பண்ணின?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"அந்தச் சத்தம் காதுல விழுந்தா நான் ஏதோ எருமைக்கடான்னு நெனப்பு வந்துடுது, நெல்" என்றான்.

நான் அன்றைக்கு அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழி சத்தமில்லாமல் போனதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அம்மா படிகளில் இறங்கி ஓடுகிற செருப்புச் சத்தம் மட்டும் பாறையில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்தது. எனக்கு இன்றைக்கும் வேர்க்கடலை தொண்டையில் இறங்காது.

கல்லூரி இரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டது. அப்புறம் பூங்கொத்து அனுப்பியது. அதற்கப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. அம்மா இருக்கும்வரை அம்மா பார்த்தாள், பிறகு நான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்துகொண்டே அவனைப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. என்னைக் கட்டிக்கொள்ள வந்தவன் ஒரு வருஷம் இதையெல்லாம் பார்த்தான், ஃப்ளோரிடாவில் வேலை என்று போனான், போனவன்தான். நல்லா இருக்கட்டும்.

வெண்டலை உயிரோடு வைத்திருந்தது நான் என்றுதான் சர்ச்சுக்காரர்கள் சொல்வார்கள். இல்லை. அடிபட்ட மறுவருஷம், முதல் ஆட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். எங்கள் பையன்கள் வெளியே வருகிற சுரங்கத்தின் வாயில் அவன் சக்கர நாற்காலியை நிறுத்தினேன். ஓடி வந்தவர்களில் முன்னால் வந்த தடியன், என்ன தோன்றிற்றோ, போகிற போக்கில் வெண்டலின் இடது தோளில் பட்டென்று ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். பின்னால் வந்தவர்களும் தட்டினார்கள். அன்றைக்கு ஜெயித்தார்கள். அதன் பிறகு அவனைத் தொடாமல் களத்தில் இறங்க எவனுக்கும் தைரியம் வரவில்லை. ஃபுட்பால் ஆடுகிறவனைப்போல சகுனம் பார்க்கிற பிறவி உலகத்திலேயே கிடையாது.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஆட்டம் நடக்கிற ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் அங்கேதான். "மிஸ்டர் வெண்டல்!" என்று கத்திக்கொண்டு எண்பது, தொண்ணூறு பையன்கள் வரிசையாகத் தட்டிவிட்டுப் போவார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வான்.

"இவன் பந்து உதைக்கிற பய. கை நடுங்குது பாரு, இன்னைக்குக் கோட்டை விடப்போறான்" என்று தட்டின கையை வைத்தே சொல்வான். அப்படியே நடக்கும்.

மற்ற நாட்களில் அவனை யார் தொட்டார்கள்? உறை போட்ட கையோடு நர்ஸ், சோப்புக் கையோடு நான். சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தோள் கன்றிச் சிவந்திருக்கும். ஐஸ் வைக்கட்டுமா என்று கேட்டால், "கிட்ட வந்த, கடிச்சுடுவேன்" என்பான். இரண்டு நாளைக்கு அந்த வலி இருக்கும். அவனுக்கு உடம்பு இருந்தது அந்த இரண்டு நாள்தான்.

பல வருஷம் இப்படிப் போன பிறகு பிரெண்ட் ஸ்டாலிங்ஸ் வந்து சேர்ந்தான். கல்லூரி விளையாட்டுத் துறையில் புது அதிகாரி, பல் வெள்ளைவெளேரென்று இருக்கும். டிவியில் எங்கள் ஆட்டங்களையும் காட்டத் தொடங்கியிருந்த காலம். திரையில் பார்த்தால் எங்கள் குழி ஏதோ பாழடைந்த தண்ணீர்த் தொட்டி போலத் தெரிகிறது என்றான். பெரிய இடம் என்று பார்க்கிறவன் நினைக்க வேண்டும், அப்போதுதான் நல்ல பையன்கள் வந்து சேருவார்கள் என்றான். சரி, இடித்துக் கட்டினார்கள். பாறையை மறைத்துச் செங்கல் முகப்பு, சர்ச் மாதிரி வளைவுகள், மேலே பணக்காரர்களுக்குக் கண்ணாடி அறைகள். காலி நாற்காலி கேமராவில் தெரியக் கூடாது என்று நாற்காலிகளையே பல நிறத்தில் கலந்து போட்டார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் கூட்டம் போலவே இருக்கும். ஆளே இல்லாமல் அரங்கம் நிறைந்துவிடும், பாருங்கள் கூத்தை.

எங்கள் பையன்கள் வருகிற சுரங்கத்தின் வேலை மட்டும் கடைசியாக மிச்சம் இருந்தது. அந்த வசந்தத்தில்தான் ஜார்ஜியாவிலிருந்து ஒரு பையன், எங்கள் கல்லூரியில் சேரலாமா என்று பார்க்க வந்தான். பந்து எறிகிற பையன். நாலைந்து கல்லூரிகள் அவன் பின்னால் அலைந்தன. பயிற்சி ஆட்டம் என்பதால் வெண்டலும் தன் இடத்தில் இருந்தான், நான் பக்கத்தில் நின்றேன். பிரெண்ட் அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் சுரங்கம் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தான். வெளிச்சத்துக்கு வந்ததும் முதலில் அந்த அம்மாள் கண்ணில் பட்டது என் அண்ணன்தான்.

"உங்களுக்கு என்ன ஆச்சு, சார்?" என்று கேட்டாள்.

"இங்கதான் ஆடினேன், மேடம். அதோ, அந்த இருபது கெஜக் கோட்டுக்கிட்ட கழுத்து முறிஞ்சுது."

பிரெண்ட் அவசரமாக, "மிஸ்டர் ஹட்டோ எங்க குடும்பத்துல ஒருத்தர், மேடம்" என்றான்.

அந்த அம்மாள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "காலேஜ் உங்களைப் பாத்துக்கிட்டாங்களா?"

வெண்டல் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டு வருஷம் பாத்தாங்க, மேடம். அப்புறம் இவ பாத்துக்கிறா" என்று தாடையால் என்னைக் காட்டினான்.

அவள் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். மகனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள். பையன் வேறு கல்லூரியில் சேர்ந்தான்.

அந்தக் கோடையில் பிரெண்ட் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். ஊற்றிக் கொடுத்த இனிப்புத் தேநீரைத் தொடவில்லை. மடிக்கணினியில் புதுச் சுரங்கத்தின் படத்தைக் காட்டினான். அகலமாக, நீல விளக்கும் புகையுமாக, கல்யாண மண்டபம் தோற்றது போங்கள்.

"உங்களுக்கு மேல கண்ணாடி அறையில நிரந்தர இடம், சார். ஏசி, சாப்பாடு, எல்லாம் உண்டு. மழை வெயில்னு கஷ்டப்பட வேண்டாம்."

"பசங்க?" என்றான் வெண்டல்.

"பசங்க கீழ..."

"அவங்க எப்படி என்னைத் தொடுவாங்க?"

பிரெண்ட் மடிக்கணினியில் அடுத்த படத்தைத் தட்டினான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வர்ற அம்மாங்க கண்ணுல இவன் படக்கூடாது, அவ்வளவுதானே? அதை வாயைத் தொறந்து சொல்லேன்! இவன் கழுத்தை ஒடிச்சுக்கிட்டப்போ உங்களுக்கு அவமானமா இல்ல, உக்காந்திருந்தா மட்டும் அவமானமா இருக்கா?"

"மேடம், அப்படியெல்லாம் இல்ல. அங்க அவருக்கு வெண்கலச் சிலை வைக்கப்போறோம். பசங்க அதைத் தொட்டுட்டுத்தான் ஓடுவாங்க. சார் காலத்துக்கும் அங்கேயே இருப்பார்."

நான் துடைப்பத்தை எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்டல் சரி என்று சொல்லிவிட்டான்.

பிரெண்ட் போனதும், "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா?" என்று கத்தினேன்.

"கத்தாத. நான் இன்னும் எத்தனை வருஷம் இருக்கப்போறேன்? போன குளிர்காலமே நுரையீரல்ல சளி கட்டி ஒரு வழி ஆயிட்டேன். நான் போனதும் அந்த இடம் காலிதான். வெண்கலத்துல நாற்காலியோட ஒருத்தன் உக்காந்திருந்தான்னா, வர்ற ஒவ்வொரு அம்மாவும் கேப்பா. கேட்டுட்டு மகனைச் சேக்கட்டும்."

தன் சனிக்கிழமைகளை அதற்காகத்தான் விட்டுக்கொடுத்தான். சிற்பி வந்தான், முகத்தை நாலு பக்கமும் படமெடுத்தான், நாற்காலியையும் எடுத்தான். "சக்கரத்தை மறந்துடாதப்பா, அதுல ஒண்ணு கொஞ்சம் கோணல்" என்று வெண்டல் அவனிடம் கேலி பேசினான். சிற்பி சிரித்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி.

முதல் ஆட்டத்தன்று திறப்பு விழா. எங்களை முன்வரிசையில் வைத்தார்கள். பாண்டு வாத்தியம் முழங்க, கோவேறு கழுதை வேஷம் போட்டவன் துணியை இழுத்தான்.

இருபது வயது வெண்டல் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு காலும் இரண்டு கையும் காற்றில். நாற்காலியும் இல்லை, சக்கரமும் இல்லை. தோள் இவனுக்கு எந்தக் காலத்திலும் இல்லாத அகலம். கீழே பெயர், சட்டை எண், அவன் ஆடிய முதல் வருஷம், ஒரு கோடு, கடைசி வருஷம். கல்லறையில் போடுவதுபோல அப்படியே.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிரெண்ட் குனிந்து, "எப்படி இருக்கு, சார்?" என்று கேட்டான்.

வெண்டல் சிலையைப் பார்த்தான். "நல்லா ஓடறான்" என்றான்.

லிஃப்டில் எங்களை மேலே கொண்டுபோனார்கள். கண்ணாடி அறையில் இறால், இறைச்சி, ஒயின் எல்லாம் இருந்தது. கண்ணாடி இரட்டைக் கனம், வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. இருபதாயிரம் வாய்கள் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. முத்துமாலை போட்ட ஒரு அம்மாள் தட்டோடு எங்கள் பக்கத்தில் வந்து நின்று கீழே சிலையைக் காட்டினாள். கட்டடத்துக்குப் பணம் கொடுத்த யாரோ ஒருவரின் மனைவி.

"எவ்வளவு அழகான பையன்! சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டானாம், பாவம்."

நான் வாயைத் திறப்பதற்குள் வெண்டல் முந்திக்கொண்டான். "ஆமா, மேடம். நானும் கேள்விப்பட்டேன்."

அவள் அவனுக்கு ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டு இறால் எடுக்கப் போய்விட்டாள்.

"வீட்டுக்குப் போயிடலாம், வெண்டல்" என்றேன். போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு.

"இரு. பசங்க வர்ற நேரம்."

கீழே நீல விளக்கு எரிந்தது, புகை கிளம்பியது. சுரங்கத்திலிருந்து பையன்கள் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவன் எம்பிக் குதித்துச் சிலையின் இடது தோளில் ஓங்கித் தட்டினான். பின்னால் வந்தவனும் தட்டினான். வரிசையாக, ஒருவர் விடாமல் தட்டினார்கள். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

வெண்டல் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொள்வான் என்று நினைத்தேன். மூடவில்லை. இமைக்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பையன் தட்டும்போதும் அவனுடைய இடது தோள் ஒரு பொடி அளவு மேலே எழும்பி, காத்திருந்து, இறங்கியது. கடைசிப் பையன் போய், புகை அடங்கி, ஆட்டம் தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை.