அப்பாவின் மாத்திரை

1. மலச்சிக்கல் இல்லை

என் விசிட் நோட்டில் ஆறு வாரம் தொடர்ந்து “மலச்சிக்கல் இல்லை” என்று எழுதியிருக்கிறேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் எழுதினேன். இருபத்தொன்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். அதில் கடைசி எட்டு வருடம் வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளுக்கு வலி மருந்து கொடுத்தேன். மார்ஃபின் போகிற உடம்பில் மலச்சிக்கல் வராமல் இருக்காது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது அது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நோயாளியின் பெயர் முருகையன். குடவாசல் பக்கம் ஒரு கிராமம். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் லோடுமேன், வயது நாற்பத்தாறு. புகையிலை அடக்கிய கன்னத்தில் வந்த புற்று நாக்குக்குப் பரவியிருந்தது. பேச முடியாது, ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார். கஞ்சி, மருந்து எல்லாம் மூக்கு வழியாகப் போட்ட ட்யூபில்தான். மனைவி வசந்தா குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். ஒப்பந்தம் முடியாமல் அங்கிருந்து விடமாட்டோம் என்றார்கள்.

அவரைப் பார்த்துக்கொண்டது ஒரே மகள் அபிநயா. பதினேழு வயது, பிளஸ் டூ. முதல் நாள் மாத்திரையைப் பொடி செய்து ட்யூபில் கொடுப்பதைக் காட்டினேன். ஒரு தடவைதான் காட்டினேன். மறுவாரம் போனபோது என்னைவிடச் சுத்தமாகச் செய்தாள். புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டிருந்த விதத்தைப் பார்த்து, “நீ நர்ஸிங் சேரும்மா, நான் அப்ளிகேஷன் வாங்கித் தர்றேன்” என்றேன். அவள் சிரித்தாள். பள்ளிக்கூடம் போய் ஒரு மாதமாகிறது என்பதை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து முருகையனுக்கு வலி குறையவில்லை. டாக்டரிடம் சொன்னேன். டோஸ் கூட்டினார். மறுபடியும் குறையவில்லை. மறுபடியும் கூட்டினார். எங்கள் டாக்டர் சின்ன வயது, நல்ல பையன், என் நோட்டை நம்பித்தான் கூட்டினார். காலி அட்டைகளை அபிநயா ஒவ்வொரு வாரமும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தாள். கணக்கில் ஒரு மாத்திரை குறையாது.

“நேரத்துக்குக் குடுக்குதா பொண்ணு?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். முருகையன் தலையை ஆட்டுவார். பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டுவார்.

2. கண்

அறுவடை நேரம். பகல் பதினொரு மணி. முருகையன் வலியில் முனகிக்கொண்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த டோஸ் மார்ஃபின் உள்ளே போகிறவருக்குக் கண்மணி கடுகளவு சுருங்கியிருக்க வேண்டும். அவருக்குச் சாதாரணமாக விரிந்திருந்தது.

தண்ணீர் வேண்டும் என்று திரும்பினேன். அபிநயா சொம்போடு நின்றாள். வெளிச்சம் வராத உள்ளறை அது. அந்த இருட்டிலும் அவள் கண்மணி கடுகாக இருந்தது.

நான் சொம்பை வாங்கிக் கீழே வைத்தேன். வெளியே போய் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் இரண்டு பேர் கண்ணையும் பற்றிக் கேட்டுக்கொண்டார். பிறகு, “இப்ப எழுதியிருக்கிற டோஸை அவருக்குக் குடுத்துடாதீங்க சிஸ்டர். அவர் உடம்புக்கு அது பழக்கமே இல்ல, மூச்சு நின்னுடும். முதல் டோஸ்ல இருந்து ஆரம்பிங்க” என்றார்.

நானே பொடி செய்து, நானே ட்யூபில் ஊற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் முருகையன் கை கட்டில் சட்டத்தை விட்டது. தூங்கிவிட்டார். மிகச் சின்ன டோஸ் அது. ஆறு வாரத்துக்கு முன்பே போதுமானதாக இருந்த டோஸ்.

அபிநயா சுவரோரம் குந்தியிருந்தாள்.

“எப்பலேருந்துமா?”

“பீரியட்ஸ் வலி தாங்கல சிஸ்டர். பாதி போட்டேன். அன்னைக்குத்தான் அம்மா குவைத் போனதுக்கப்புறம் முதல் தடவையா தூங்கினேன்.” பிறகு, “நிறுத்தத்தான் பார்த்தேன். நிறுத்தினா கை காலெல்லாம் பிடுங்குது. அப்பாவை எழுந்து பார்க்கக்கூட முடியல. அதனால போட்டேன்” என்றாள்.

முருகையன் விழித்ததும் அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து எழுதினார்: “தெரியும்.”

“தெரிஞ்சுமா தம்பி தலையை ஆட்டுனீங்க?”

அவர் எழுத நேரம் எடுத்துக்கொண்டார். “புள்ள தூங்குது. சொன்னா திட்டுவீங்க.”

அதைத் தூக்க மாத்திரை மாதிரி ஏதோ என்றுதான் அவர் நினைத்திருந்தார். பழகிப்போகும், விடாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்லவேண்டியவள் நான்தான்.

3. இரண்டு கட்டில்

மகளை அட்மிட் செய்தால் அப்பாவைப் பார்க்க ஆளில்லை. எனக்குத் தெரிந்த போதை மீட்பு வார்டு எல்லாம் ஆண்களுக்கு. பதினேழு வயதுப் பெண்ணை எங்கே படுக்க வைப்பது? டாக்டர் யார் யாரிடமோ பேசி, நாங்கள் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். இரண்டு கட்டில். ஒன்றில் அப்பா, ஒன்றில் மகள். மனநல டாக்டர் வந்து பார்த்து அவளுக்கு மருந்து எழுதினார். நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன்.

வித்ட்ராயல், அதாவது பழகிய மருந்து நின்றதும் உடம்பு படும் பாட்டைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். கொட்டாவி, மூக்கில் தண்ணீர், மயிர்க்கூச்சு, வாந்தி, பேதி, தசைப்பிடிப்பு. மருந்து இருந்தால் குறையும். குறையவும் செய்தது. ஆனால் இரண்டாம் நாள் அவளைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு எத்தனை தடவை போனேன் என்று கணக்கில்லை. கால் தானாக உதைத்துக்கொண்டே இருந்தது. “என் காலை வெட்டிடுங்க சிஸ்டர்” என்றாள். போர்வை கேட்டாள், போர்த்தினால் எரிகிறது என்று தள்ளினாள்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் கண் முன்னாலேயே மாத்திரையைப் பொடி செய்து அவள் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை வெளியே போய்ப் பொடி செய்துகொண்டு வந்தேன். வாசனையே இல்லாத மருந்து அது. இருந்தும் நான் கதவைத் திறந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு சிஸ்டர். உங்க காலைப் பிடிச்சுக்குறேன்.”

“முடியாதும்மா.”

“நீங்கதானே கொண்டாந்து குடுத்தீங்க! எங்க வீட்டுக்கு யார் கொண்டாந்தது?”

கரைத்ததை முருகையனின் ட்யூபில் ஊற்றினேன்.

அன்று மாலை வசந்தா வீடியோ காலில் வந்தார். “பாப்பாவுக்கு என்ன சிஸ்டர், ஏன் ஆஸ்பத்திரியில படுத்துருக்கு?” என்று அழுதார். “காய்ச்சல்” என்றேன். போனைத் திருப்பி அவளைக் காட்டவில்லை.

4. ஐந்தாம் நாள்

நான்காம் நாள் முருகையன் நோட்டை என் பக்கம் நீட்டினார். “என்னுதுல பாதி அவளுக்குக் குடுங்க.”

“அவளுக்கு அது மருந்து இல்ல தம்பி. நாலு நாள் தாண்டிட்டா. இப்ப குடுத்தா பட்டதெல்லாம் வீண்.”

ஐந்தாம் நாள் காலை மருந்தோடு போனபோது ட்யூபின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். வேண்டாம் என்று தலையசைத்தார். மகள் இப்படிக் கிடக்கும்போது தனக்கு மட்டும் எதற்கு என்று. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கையை எடுக்கவில்லை. பத்து மணிக்கு வலி ஏறிவிட்டது. தொண்டையிலிருந்து வந்த சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

அபிநயா கட்டிலிலிருந்து இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் கையை நீட்டினாள். “குடுங்க சிஸ்டர். நான் குடுத்தா வாங்கிக்குவாரு.”

மருந்து கரைத்த கிண்ணத்தைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தேன்.

அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். “போட்டுக்கப்பா. எனக்குக் குறைஞ்சிடுச்சு, நிசமா” என்றாள். பொய். கரைத்ததை முழுக்க ஊற்றினாள். கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றினாள். மறுபடி அலசி மறுபடி ஊற்றினாள். பிறகு வெறும் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

என் வேலையில் நான் பார்த்த பெரிய காரியம் அதுதான். அது எதையும் மாற்றவில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் முருகையன் போய்விட்டார். வலி இல்லாமல் போனார்.

5. பிறகு

வசந்தா வந்து சேர்ந்தபோது கருமாதி முடிந்து நாலைந்து நாளாகியிருந்தது. சொந்தக்காரர்கள் அதற்குள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, “அப்பன் மருந்தைத் தின்னு கொன்னுட்டியேடி” என்று மகளைக் கேட்டாராம். நான் அன்று அங்கே இல்லை. அடுத்த விசிட்டில் வசந்தாவே என்னிடம் சொல்லி அழுதார். “வாய்ல வந்துடுச்சு சிஸ்டர். திருப்பி எடுக்க முடியல.”

ஏழு வாரம் அபிநயா நன்றாக இருந்தாள். எட்டாவது வாரம் நான் போனபோது கதவைத் திறக்கவில்லை. மருந்துக்கு ஆள் தேடிப் போகவேண்டிய காலமா இது? வலி மாத்திரை கொண்டுவந்து கொடுக்க எந்த ஊரிலும் ஒருவன் இருக்கிறான். மறுபடி அட்மிட் செய்தோம், இரண்டாம் நாள் வெளியே போய்விட்டாள். இன்னொரு தடவை அவளே வந்தாள். அதன்பிறகு தினமும் கும்பகோணம் போய், போதை ஏக்கத்தை அடக்கும் ஒரு மாத்திரையை டாக்டர் கண் முன்னால் நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். தினமும் என்று சொல்கிறேன். ஒரு மாதம் ஒழுங்காகப் போவாள். பிறகு பத்து நாள் போகமாட்டாள். பரீட்சை எழுதவில்லை. துணிக்கடை வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரத்தில் நின்றுவிட்டாள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு குடவாசல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ரொம்ப இளைத்திருந்தாள். காபி வாங்கித் தந்தேன், பாதி குடித்தாள்.

“சிஸ்டர், ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்வீங்களா? அந்த ஆறு வாரமும் அப்பாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?”

எத்தனையோ குடும்பங்களிடம், “கஷ்டப்படாமத்தான் போனாரும்மா” என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. இவளிடம் அது வரவில்லை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் இவள்தான்.

“ஆமாம்மா. வலிச்சுது.”

அவள் தலையாட்டினாள். “வலிக்கலன்னு அம்மா சொல்லுது இப்ப.” பஸ் வந்தது. “வர்றேன் சிஸ்டர்” என்று ஏறிக்கொண்டாள். அந்த மாதம் அவள் மாத்திரைக்குப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் சொன்ன பதிலால்தானா என்று தெரியவில்லை. மறு மாதம் போனாளாம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வலி குறையவில்லை என்றால் டோஸைக் கேட்பதற்கு முன்னால் அந்த வீட்டில் யார் பொடி செய்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கைக்கு எத்தனை வயது என்று பாருங்கள். நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசும் முன் அவரைப் பார்த்துக்கொள்பவரிடம், “உனக்கு எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். கடைசி ஒரு வருடம் நான் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். ஒருவர்கூட உண்மையைச் சொன்னதில்லை. “எனக்கென்ன சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்” என்பார்கள். அதைக் கேட்டதும் கிளம்பிவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.