பாதியில் நின்ற பெயர்

கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவன் அதிகம் வருவான். முதலில் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே எழும்பும். பிறகு ஈரக் கோரையின் வாடை. அப்புறம், இந்த நிமிஷம் முன்பே ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது என்ற நிச்சயம். கடைசியில் முதுகுப் பக்கமிருந்து தம்பியின் குரல்: "சுஸ்..." பெயர் முழுதாக வராது. அதற்குள் அவள் நினைவைவிட்டுப் போய்விடுவாள். திரும்பி வரும்போது சட்டியில் மண்டாசி என்னும் மாவுருண்டைகள் கருகிக் கிடக்கும்.

ரும்பி ஊர் பஸ் நிறுத்தத்தில் மண்டாசி சுட்டு விற்கும் அவளை ஊரே ந்யாஹரா என்று கூப்பிட்டது. ஹரா குலத்துப் பெண் என்று அர்த்தம். கட்டிக்கொடுத்த ஊரில் ஒரு பெண்ணுக்கு அதுதான் பெயர். சுஸ்கோ என்ற அவளது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன் தம்பி லுகானோ ஒருவன்தான். ஆற்றில் கோரை அறுக்கப் போனான். கோரைக்கட்டு கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

"அக்கா, நேத்து காச வாங்கிட்டு என்னையே உத்துப் பாத்துட்டு நின்னீங்க. மண்டாசி வரல. எம்மேல ஆசையோன்னு நெனச்சிட்டேன்" என்பான் வெளியூர்க்கார மினிபஸ் கண்டக்டர்.

"உன் மூஞ்சிக்கு மண்டாசியே அதிகம்" என்று சொல்லி இரண்டாகக் கொடுப்பாள். அப்படி நின்றது அவளுக்கு நினைவிருக்காது.

செத்த தம்பியின் ஆவிக்கு அவள்மேல் ஏறி ஆட ஆசை என்று வைத்தியர் ஜெரே சொன்னார். அதனால் அவள், ஆவி பிடித்தவர்கள் குணமாக ஆடும் விம்புஸா ஆடினாள். இடுப்பிலும் காலிலும் இரும்பு மணிகள், சுற்றி முரசுகள், கைதட்டிப் பாடும் பெண்கள். வருஷக் கணக்கில் ஆடினாள். வைத்தியர் ஒரு கட்டளையும் போட்டிருந்தார்: ஆவி வந்து செய்ததை, அது ஏறிய ஆளிடம் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் வந்தவருக்கு அவமானம். மாவு மில்லில் வேலை செய்யும் அவள் புருஷன் க்விமா இதை மிகக் கவனமாகக் காத்தான். அந்த நேரங்களில் தான் என்ன செய்கிறோம் என்பது ஊரில் அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

ஒன்றை மட்டும் அவள் கவனித்திருந்தாள். முரசுக்கு நடுவே லுகானோ ஒருமுறைகூட வந்ததில்லை. கூப்பிட்டு ஆடும்போது வராதவன், மாவு பிசையும்போது வருகிறான். இதை யாரிடமும் சொல்லவில்லை. செத்தவனைச் சந்தேகப்படுவது அவளுக்குத் திருட்டைப்போலத் தோன்றியது.

பிறகு குழந்தை பிறந்தது. எல்லாத் தாய்மார்களையும்போல முதுகில் கட்டிக்கொண்டே எண்ணெய் காய்ச்சினாள். ஒருநாள் கோரை வாடை வந்தது. திரும்பி வந்தபோது அவள் உள்ளங்கை சட்டியின் விளிம்பில் இருந்தது, தோல் வெந்திருந்தது. முதுகில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றே நாத்தனார் வந்தாள். "பிள்ளைய எங்கிட்ட குடுங்க அண்ணி. உங்க தம்பிக்கு எண்ணெ எது, மருமக எதுன்னு தெரியாது."

முதுகுத் துணி முடிச்சை அவிழ்த்துக் குழந்தையைக் கொடுத்தாள்.

பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கேட்டார்கள்: விழுந்தீங்களா, நுரை தள்ளுச்சா, நாக்கக் கடிச்சீங்களா. இல்லை, இல்லை, இல்லை. "அப்ப வலிப்பு இல்ல" என்று கைப் புண்ணுக்கு மட்டும் மருந்து தந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வலிப்பென்றால் விழுவது, பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து துடிக்கும்போது எச்சில் பட்டால் தொற்றும் என்று ஊரே விலகி நிற்குமே, அது. அவள் ஒருநாளும் விழுந்தவளல்ல.

கை ஆறியது. குழந்தை நாத்தனார் முதுகிலேயே இருந்தது. பால் கொடுக்க மட்டும் கொண்டு வருவார்கள், கொடுத்ததும் தூக்கிப்போவார்கள். ஆகவே மாவட்ட ஆஸ்பத்திரியில், நினைவு தப்புகிறவர்களையும் பார்க்கும் பிரிவில், மனநோய்க்காரர்களோடு வரிசையில் உட்காரவும் துணிந்தாள். புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கிருந்த ஆண் நர்ஸ் சவிங்கா அவள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு க்விமா பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தத சொல்லுங்க."

"அத சொல்லக்கூடாது சார்."

"நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். இவங்க அந்த நேரத்துல இங்க இல்லையே."

க்விமா தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க" என்றாள் அவள். "எனக்கு என் பிள்ள வேணும்."

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "வாய் எதையோ மெல்லும், ஒண்ணும் இருக்காது. வலது கை துணிய நோண்டும். கண்ணு திறந்திருக்கும், கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஒரு தடவ எழுந்து சந்தைக்குள்ள நடந்து போய் யாரோ வீட்டு வாசல்ல நின்னா."

"மெல்றது, நோண்டுறது, எப்பவும் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரி. ஒரு தடவகூட மாறல."

அந்த வார்த்தையில்தான் அவள் உடைந்தாள். உயிரோடிருந்த லுகானோ எந்தக் காரியத்தையும் இரண்டுமுறை ஒரே மாதிரி செய்தவனல்ல. தொப்பியைக்கூட தினம் ஒரு கோணத்தில் வைப்பவன். ஆறு அவனை இவ்வளவா மாற்றியிருக்கும்?

"இது வலிப்புதாம்மா" என்றார் சவிங்கா. "விழுறது ஒரு வகை. சில பிள்ளைங்க பாடம் நடக்கும்போது சும்மா வெறிச்சுப் பாக்கும். டீச்சர் அடிப்பாங்க, அதுவும் வலிப்புதான். சிலருக்கு ஒரு கை மட்டும் வெட்டி இழுக்கும். உங்களுக்கு மூளையில ஒரு ஓரத்துல தொடங்குது."

"அப்ப அந்த வாடை? அந்தக் குரல்?"

"அதுவே வலிப்புதான். அதோட முதல் பாகம்."

"அவன் இல்லையா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க தம்பி எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாது. அந்தச் சத்தம் எங்க பிறக்குதுன்னுதான் தெரியும். நான் தர்ற மாத்திரைய ஒருநாளும் நிறுத்தாதீங்க. நிறுத்தினா விழுற வகையும் வரலாம். கொஞ்ச மாசம் நெருப்புக்கும் ஆத்துக்கும் தனியா போகாதீங்க."

மாத்திரை வேலை செய்தது. வருவது குறைந்தது, பிறகு வாடை மட்டும் லேசாக, பிறகு அதுவும் இல்லை. சவிங்கா சரியென்று சொன்னபின் நாத்தனார் குழந்தையை அவளே கொண்டுவந்து முதுகில் கட்டிவிட்டாள். "தம்பி போயிட்டாரா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டாள், கேலி இல்லை அதில். ந்யாஹரா முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

எண்ணெய்ப் பக்கம் இப்போது இன்னொரு பெண் நிற்கிறாள். இவள் மாவு பிசைந்து உருட்டித் தருகிறாள். உருண்டைகள் கருகுவதில்லை. அவ்வப்போது இவள் கை நின்று, காதுகொடுப்பதுபோல முதுகுப் பக்கமாகத் தலை சாயும். பின்னால் குழந்தையின் மூச்சைத் தவிர ஒன்றும் கேட்காது.

ஒரு சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த க்விமாவிடம் சொன்னாள்: "என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிடுங்க."

"என்ன பேரு, ந்யாஹராவா?"

"எங்க வீட்டுல வச்ச பேரு. எனக்குப் பின்னால நின்னு கூப்பிடுங்க."

அவன் கூச்சத்தோடு அவள் பின்னால் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். "சுஸ்கோ."

பெயர் முழுதாக வந்தது. அவள் உள்ளே போய் அன்றைய மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.