டர்போவுக்கு வைத்த சந்தனம்

சிறுமலைக்குப் போகும் சாலையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வந்தால் என் காருக்கு மூச்சு முட்டும். ஏசியை அணைத்து, முதல் கியருக்கு இறக்கி, வாய்க்குள் அதைத் திட்டிக்கொண்டே ஏறுவேன். பின்னால் வாழைத்தார் ஏற்றப் போகும் காலி ஜீப் ஹாரனை அழுத்தியபடியே வரும். ஒதுங்கி வழிவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் வண்டி பின்னால் உருளும். வளைவுச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் மற்ற வண்டிகளுக்கெல்லாம் துள்ளி ஒதுங்கும். என் காரைப் பார்த்தால் பேன் பார்ப்பதைக்கூட நிறுத்தாது.

மலை மேல் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன மருத்துவமனையில் நான் மருந்தாளுநர். மருந்து அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தால்தான் மருந்து கொடுக்கும் ஜன்னல் திறக்கும். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்கக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள் அதன் முன்னால் குத்தவைத்துக் காத்திருப்பார்கள். நான் எவ்வளவு தாமதமாகப் போனாலும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். எழுந்து வரிசையில் நிற்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. திட்டினாலாவது பதில் சொல்லலாம். கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார்: "இப்படியே போச்சுன்னா மலையிலேயே தங்குற ஆளாப் பாத்துப் போட வேண்டியதுதாம்மா." அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது.

வெள்ளன கிளம்ப வேண்டியதுதானே என்பவர்கள் எங்கள் வீட்டுக் காலையைப் பார்க்க வேண்டும். என் கணவருக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் அலுவலக வேலை. மில் பஸ் வருவதற்குள் சோறும் குழம்பும் இரண்டு வெஞ்சனமும் அவர் டப்பாவில் இறங்கியிருக்க வேண்டும். மகளுக்கு வேறு டப்பா, வேறு சமையல். மாமியாருக்கு, அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இட்லி சுடச்சுட வேண்டும். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட பிறகுதான் கார் சாவியைத் தொட முடியும். இதில் எதையும் யாரிடமும் கொடுக்க முடியாது என்று வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஆகவே வீட்டில் கிடைக்காத நேரத்தை என்ஜினிடம் கேட்கலாம் என்று முடிவு செய்தேன்.

"காரை வித்துப்புட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எதாச்சும் ஒரு மெடிக்கல்ல நில்லேன்" என்பார் கணவர். அவர் அதைச் சொல்லும்போது அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். நான் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பைபாஸ் பக்கம் இருந்த ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் முதலில் கேட்டது, "சார் வரலையா மேடம்?" என்பதுதான். கார் என்னுடையது, ஓட்டுவது நான், மூன்றாவது வளைவில் அவமானப்படுவதும் நான் என்று விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் கணவரின் நம்பரைக் கேட்டார். கொடுக்கவில்லை. பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "இதுல இருக்குறது சின்ன டர்போ மேடம். ஒரு சைஸ் பெருசா மாட்டி கம்ப்யூட்டர்ல ட்யூன் பண்ணிருவோம். அப்புறம் பாருங்க, மலை உங்களுக்குத் தார் ரோடு மாதிரி." மலையில் இருப்பதும் தார் ரோடுதான் என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

டர்போ என்றால் என்ன என்று படித்துத் தெரிந்துகொண்டேன். என்ஜின் வெளியே தள்ளும் புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் அமுக்கும். காற்று கூடினால் டீசலைக் கூட்டலாம், டீசல் கூடினால் இழுவை கூடும். அந்தத் தண்டு சுற்றுகிற வேகத்துக்கு இரும்பும் இரும்பும் தொட்டால் முடிந்தது கதை. அதனால் மேலே ஒரு சின்ன ஓட்டை வழியாக ஆயில் விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். சலைன் ஏறுகிற மாதிரி. அது அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சீட்டுப் பணத்தை எடுத்து, பெரிய டர்போ ஒன்றை வரவழைத்தேன். பார்சல் வீட்டு முகவரிக்கு வந்தது. அன்றே மாட்டிவிடுங்கள் என்று போன் செய்தால், "இன்னைக்கு அஷ்டமி மேடம்" என்றார் மெக்கானிக். மறுநாள் நவமி. அடுத்து செவ்வாய்க்கிழமை. அதற்கடுத்த நாள் அவருடைய மச்சான் வீட்டில் காதுகுத்து. கம்ப்யூட்டர் வைத்து என்ஜினை ட்யூன் செய்கிற மனிதர், நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் தினமும் மூன்றாவது வளைவில் திட்டிக்கொண்டிருக்க, டர்போ எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அத்தைதான் அங்கே வைத்திருந்தார். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், மிக்ஸியோ மகளின் ஜியாமெட்ரி பாக்ஸோ, முதலில் அங்கே போய்ச் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டுதான் புழக்கத்துக்கு வரும். ஆகவே நான் அதைக் கவனித்துப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாட்டினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். மறுநாள் காலை நத்தம் சாலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் கார் சீறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாகவே சிரித்தேன். மலையடிவாரம் தாண்டி முதல் வளைவு, இரண்டாம் வளைவு. மூன்றாவது வளைவை இரண்டாம் கியரிலேயே ஏறினேன். ஒரு குரங்கு துள்ளி ஒதுங்கியது. அந்த ஒரு குரங்குக்காகவே போட்ட காசு தகும் என்று தோன்றியது.

அடுத்த வளைவுக்கு முன்னால் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு அது ஓலமாக மாறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே தெரியவில்லை, நீலப்புகை. ஓரங்கட்டி அணைத்தேன். வாழைத்தார் ஜீப் நின்றது. "என்னக்கா, வண்டிக்குள்ள கொசு மருந்தா அடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அதன் டிரைவர் போய்விட்டார். டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. "சரிம்மா" என்றார், அவ்வளவுதான். அங்கே ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் இன்று மாத்திரை இல்லை என்று யாரோ போய்ச் சொல்வார்கள், அவர்கள் எழுந்து வந்த வழியே நடப்பார்கள். இங்கே நான் வளைவுச் சுவரில் உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை, துடைக்கத் துடைக்க வந்தது.

காரைக் கட்டி இழுத்து வந்து ஒர்க்‌ஷாப்பில் டர்போவைக் கழற்றினார்கள். தண்டு இறுகிப்போய் அசையவில்லை. ஆயில் நுழையும் ஓட்டைக்குள் மெக்கானிக் கம்பியை விட்டுக் கிளறினார். மஞ்சளாகக் காய்ந்த கட்டி ஒன்று உடைந்து வந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

"மாட்டும்போது இதைப் பாக்கலையா?" என்றேன்.

"பாத்தேன் மேடம்."

"பாத்துட்டு?"

"ஓட்டை வாயில சந்தனம் குங்குமம் இருந்துச்சு. சாமி கும்பிட்டு வச்சது. அதைப் போயி எப்படித் துடைக்கிறதுன்னு..." அவர் தன் கையைப் பார்த்தார். "உள்ள வரைக்கும் போயிருக்கும்னு நினைக்கல. அப்படியே கண்ணுல ஒத்திக்கிட்டு மாட்டிட்டேன்."

அந்த மனிதர் பொய் சொல்லியிருந்தால் ஒர்க்‌ஷாப்பே அதிரக் கத்தியிருப்பேன். பழைய சின்ன டர்போவையே திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அத்தையிடம் கேட்க வேண்டியதைக் கூர் தீட்டிக்கொண்டே வந்தேன். வேலைக்குப் போவது பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்லலாமே, அதற்கு இப்படியா என்று.

கேட்டேன். அத்தை திகைத்துப் போனார்.

"அந்த ஓட்டைக்குப் பிளாஸ்டிக்ல மூடி போட்டிருந்துச்சுத்தா. மூடி மேல வச்சா மூடிக்குத்தானே பொட்டு? அதான் கழட்டிட்டு வச்சேன். தெனம் காஞ்சு காஞ்சு உதிர்ந்துச்சு, அதனால தெனமும் வச்சேன். நீ மலையில எங்கிட்டும் நிக்காம ஏறணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

தினமும். ஒவ்வொரு அஷ்டமிக்கும் நவமிக்கும் ஒரு கோட்டிங் ஏறியிருக்கிறது.

கணவர் மில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டார். "அதான் அப்பவே சொன்னேன். வித்துரு. அந்த வேலையும் வேண்டாம், இந்தக் காரும் வேண்டாம்" என்றபடி சட்டையைக் கழற்றினார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பேசினார்.

"வித்துட்டா அவ எதுல போவா? அவ போயி ஜன்னலத் திறந்தாத்தான் அம்புட்டுப் பேருக்கும் மாத்திரையாம்ல?" பிறகு என்னிடம் திரும்பினார். "நாளையிலருந்து சோத்தையும் வெஞ்சனத்தையும் நான் பாத்துக்கிறேன். பிள்ளைய நானே வேன்ல ஏத்தி விடுறேன். நீ வெள்ளன கிளம்பிரு. வண்டி மெதுவாத்தான் ஏறும்னா ஏறிட்டுப் போகுது."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நன்றி சொல்லத் தோன்றவில்லை. "இதை ஏன் அத்தை இம்புட்டு நாளா சொல்லல?" என்று கத்தினேன். நான் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

"நீ பாட்டுக்கு எல்லாத்தையும் செஞ்சுக்கிட்டுப் போற. அடுப்புல நான் கை வச்சா உனக்குப் பிடிக்காதோன்னு இருந்தேன்" என்றார். "நீயாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

இப்போதும் கார் முதல் கியரில்தான் ஏறுகிறது. ஜீப் ஹாரன் அடித்தால் ஒதுங்கி நிற்கிறேன், நேரம் இருக்கிறது. ஜன்னல் சொன்ன நேரத்துக்குத் திறக்கிறது, டாக்டர் வேறு ஆள் தேடும் பேச்சை எடுப்பதில்லை. செத்துப்போன பெரிய டர்போவை எடைக்குப் போடப் போனபோது அத்தை விடவில்லை. சாமிக்கு வைத்ததாம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, ஆயில் ஓட்டைக்கு இப்போது மூடியை மறக்காமல் மாட்டியிருக்கிறார், மூடி மேல்தான் பொட்டு. காலையில் விளக்கேற்றப் போகும்போது அது கண்ணில் படும். வாய் வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய காரியம் என்று தினமும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.