படத்தில் ஆள் வேண்டாம்

ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தின் தேநீர்க் கடையில் ரூபினிக்கு இரண்டு வேலை. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்ற வேண்டும். சீனம் பேசும் பயணிகள் வந்தால் அவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆறு வருடம் சீனப் பள்ளியில் படித்த மொழி துருப்பிடிக்காமல் இருந்தது.

அன்று வந்த கூட்டத்தை அழைத்து வந்தவர் ஈப்போவில் சுற்றுலா நிறுவனம் நடத்தும் லிம். அங்கே மொழிபெயர்ப்பு வேலை தருவதாக அவளிடம் போன வாரமே சொல்லியிருந்தார். இன்று வேன் கிளம்புவதற்குள் அவருக்குப் பதில் வேண்டும்.

சரி என்ற பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. வீடுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் தோட்டம் தரும் லைன் வீட்டில் இருக்கலாம். அப்பா இல்லை. அம்மா பவளத்துக்கு வயதாகிவிட்டது, அடுத்த மாதத்தோடு வேலை முடிகிறது. அதன்பிறகு தோட்டத்து வேலையில் ரூபினி மட்டும்தான்.

கூட்டத்தில் தைவான் பேராசிரியர் ஒருவர் இருந்தார். கண்ணாடிச் சுவரோரம் நின்று மலையைக் காட்டிக் கதை சொல்வதுபோலப் பேசினார். ஆயிரத்து அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. பதவியில் இருந்தவன் தலைக்கு உத்தரவாதமில்லை. படித்தவர்கள் பலர் மலைக்கு ஓடினார்கள். எல்லாம் வெறுமையிலிருந்தே பிறக்கிறது என்ற தத்துவம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. பிறகு அழகுக்கே அர்த்தம் மாறிவிட்டது. பொன்னையும் பட்டையும்விட, பாதி பனியில் மறைந்த மலை உயர்ந்ததாயிற்று. மனிதனைப் புகழ்ந்தால்கூடக் காற்றில் நிற்கும் பைன் மரம் என்றார்கள். மலையேற முடியாமல்போன கிழவர் ஒருவர் வீட்டுச் சுவரில் மலைகளை வரைந்து, படுத்தபடியே அவற்றில் சுற்றித் திரிந்தாராம்.

அந்தக் கிழவரை ரூபினிக்குப் பிடித்துப்போயிற்று. சுவர் வழியாகவே வெளியே போகத் தெரிந்தவர்.

"நீ கொடுத்து வைத்தவள்," என்றார் பேராசிரியர். "அவர்கள் தேடி ஓடிய மாதிரி இடத்தில் பிறந்திருக்கிறாய்."

அவள் சிரித்து வைத்தாள். மலைக்கு ஓடி வர முதலில் வெளியே இருந்திருக்க வேண்டும்.

பனி ஏறியது. பேராசிரியர் கேமராவைத் தூக்கி, தயங்கி இறக்கினார். சரிவில் ஒரு சிவப்பு ஜாக்கெட், கையில் கொழுந்து வெட்டும் கத்தரி.

"அந்த அம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்ல முடியுமா? அந்த வெறுமை அப்படியே வேண்டும்." மரியாதையாகத்தான் கேட்டார்.

அந்த ஜாக்கெட் தானா ராத்தா டவுனில் ரூபினி அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது. வெளியே போய்க் கத்தினாள். "அம்மா! கொஞ்சம் தள்ளிக்கம்மா, படம் எடுக்குறாங்க!"

"எங்கடி தள்றது? மேல கிராணி கணக்கெழுதிக்கிட்டு நிக்கிறாரு, கீழ காவா! என்னையும் சேத்து எடுக்கச் சொல்லு லா. நா என்ன அவ்ளோ மோசமாவா இருக்கேன்?"

அந்தப் பக்க நிரையிலிருந்து தங்கம்மா குரல் கொடுத்தாள். "டூயிட் கேளு பவளம், காசு வாங்காம சும்மா நவுராத!"

சிரித்துக்கொண்டே பவளம் செடிகளுக்கு நடுவே குந்திக்கொண்டாள். மலையில் ஆளே இல்லை. கேமரா சொடுக்கியது, மறுபடியும் சொடுக்கியது.

"எந்திரிக்கலாமா?" என்றது தேயிலை.

சாப்பாட்டு நேரத்தில் ரூபினி கேட்டுவிட்டாள். "ஈப்போவுக்கு வரியாம்மா? ரூம் குடுக்குறாங்களாம்."

"அங்க நா என்ன பண்ணுவேன்? கட்டில்ல படுத்துக்கிட்டு செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா? நீ போடி. நா இங்கியே எப்பிடியாச்சும் இருந்துக்குவேன்."

இருக்க விடமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். பவளம் கத்தரியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

லிம்மிடம் முடியாது என்றாள். வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவர் வருத்தமாகவே சொன்னார். தோட்ட ஆபீஸ் வாசலில் கிராணி நின்றிருந்தார்.

"சார், வீட்ட எம் பேருக்கு மாத்திடுங்க."

"நல்லதும்மா. வேலைய விட்டுட்டு ஓடிற மாட்டியே?"

"எங்க ஓடுறது?"

வேன் கிளம்பியது. வளைவில் ஜன்னல் திறந்து மறுபடியும் கேமரா நீண்டது. யாரும் சொல்லாமலே ரூபினி ஆபீஸ் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.