மூங்கில் காட்டு நாற்றம்

பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அரும்பாவூர்ப் பக்கம் போய்விடுவேன். மலையடிவாரத்துக் காட்டோரம் ஈரச் சருகுக்குள் காளான்கள் முளைத்திருக்கும். உரச் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து அவற்றைப் படம் எடுப்பேன். இதில் என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்பார். எனக்குச் சொல்லத் தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில், மூங்கில் புதருக்கு அடியில் நான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த காளான் கிடைத்தது. தலையிலிருந்து வெள்ளை வலைப் பாவாடை தொங்கும். காலையில் விரிந்து உச்சிப் பொழுதுக்குள் சரிந்துவிடும். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் செத்த எலி போல நாறும். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு படுத்தேன். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பேனா மூடியை நிறுத்தினேன். பத்துப் பதினைந்து படம் எடுத்திருப்பேன். பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

கையில் கம்போடு ஒரு ஆள் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, நான் படுத்திருந்த சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு அடில என்னங்க இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. படம் எடுக்கறேன்."

"நாத்தம் வருதே."

"இந்தக் காளான்லேருந்துதாங்க வருது. ஈ வந்து உக்காரணும்னு இப்படி நாறும்."

அவர் நம்பவில்லை. சாக்கைத் தூக்கிக் காட்டினேன். வெறும் மண். மண்டியிட்டு, துண்டை விலக்கி, காளானை முகர்ந்தார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அண்ணன் வூட்ட வுட்டுப் போயி ஒம்போது நாளாச்சுங்க. இந்தப் பக்கமா நடந்து போனத ஆடு மேய்க்கறவங்க பாத்திருக்காங்க. ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்துட்டோம்."

கேமராவை மூடினேன்.

"உள்ள இன்னொரு எடத்துலயும் இதே நாத்தம் வருது. தனியாப் போவ மனசு வரல. நீங்க வந்து பாத்துச் சொல்றீங்களா?"

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன். அவர் முன்னால் நடந்தார். போகப் போக ஈக்களின் இரைச்சல் கூடியது. ஒரு பள்ளத்துக்குமேல் உண்ணிச்செடி கவிந்து கிடந்தது. அவர் நின்றுவிட்டார். கம்பை வாங்கி நான்தான் செடியை விலக்கினேன். உள்ளே மூன்று காளான்கள் சரிந்து அழுகிக் கிடந்தன.

"காளான்தாங்க" என்றேன்.

அவர் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போகும்போது எங்கே வேலை பார்க்கிறேன் என்று விசாரித்து, என் வாட்ஸ்அப் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு படங்கள் வர ஆரம்பித்தன. வாரம் ஒன்றிரண்டு. "இது அதுதானாக்கா?" என்று கீழே ஒரு வரி இருக்கும். நான் பெரிதாக்கிப் பார்த்துப் பதில் போடுவேன். ஒருமுறை காளானுக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"என் செருப்புதாங்கக்கா. அளவுக்கு வெச்சேன், நீங்க மூடி வெச்ச மாதிரி."

மழை வலுத்தும் படங்கள் நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து அதே காட்டோரத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள்.

"எக்ஸ்ரே அக்கா நீங்கதானே? எங்க கொழுந்தனாருதான் ஒங்களுக்குப் படம் அனுப்பறாரு."

காணாமல் போனவரின் மனைவி. சுள்ளிக் கட்டை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"கொழுந்தனாரு வேலவெட்டிய வுட்டுட்டுக் காட்டுக்குள்ளயே கெடக்கறாரு. என்னிக்காவது எங்க வூட்டுக்காரரு ஒடம்பு கெடச்சிரப் போவுதேன்னு எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க சொன்னா நம்புவாரு. இனிமே அவரு எந்தப் படம் அனுப்புனாலும் காளான்னே சொல்லிருங்க."

அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு படம் வந்தது. மூங்கில் சருகு, நடுவில் மண் கொஞ்சம் மேடாக இருந்தது, அதன்மேல் ஈக்கள். "நாத்தம் ரொம்ப வருது. இதுல காளான் எங்கக்கா இருக்கு?" என்று எழுதியிருந்தார். எக்ஸ்ரேக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகத் தேடினேன். வெள்ளையாக எதுவுமே இல்லை.

"காளான்தான். இன்னும் வெளியே வரவில்லை" என்று அனுப்பினேன்.

"சரிங்கக்கா" என்று பதில் வந்தது.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. விரியாமல் மண்ணுக்குள் முட்டை போல இருக்கும்போது அந்தக் காளான் நாறாது. அது எனக்குத் தெரியும். மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டேன்.

"நேத்து அனுப்புன எடத்த எனக்குக் காட்டுங்க. ரெண்டு பேரும் போயிப் பாப்போம்."

"நீங்கதான் காளான்னு சொல்லிட்டீங்களேக்கா" என்றார். "வுட்டுருங்க."

அதன்பிறகு அவர் படம் அனுப்பவில்லை. அண்ணன் வீடு திரும்பியதாகவும் தகவல் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்டைத் தேடி நான் தனியாகவே போனேன். மழையில் சருகு புரண்டு எல்லா இடமும் ஒன்றுபோலவே இருந்தது.