விளம்பரப் பெட்டிக்குள் போன மரண அறிவித்தல்

இலவசமாகச் செய்தி கொடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: வாசிக்கிறவர் காசு தரமாட்டார், காசு தருகிறவரின் விளம்பரத்தையும் பார்க்கமாட்டார். யுத்தக் காலத்தில், தினசரிப் பத்திரிகை வேலையை விட்டுவிட்டுத் திருகோணமலையில் ஓர் இணையத்தளம் நடத்தினேன். இன்று கிண்ணியாவுக்குப் படகு ஓடுமா, நிலாவெளி வீதி திறந்திருக்கிறதா, ஊரடங்கு எத்தனை மணிக்கு? சனம் தேடியது இவ்வளவுதான். மாத வாடகை கட்டாவிட்டால் தளம் மூடப்படும். அதைக் கட்டியது பக்கத்தின் ஓரத்தில் இருந்த விளம்பரப் பெட்டி.

யோகன் செய்த உபகாரம்

துறைமுகத்துக்குக் கிட்ட யோகன் இன்டர்நெட் கடை வைத்திருந்தான். லைன் ஊர்ந்துதான் வரும். ஊரடங்குக்கு முன் பார்த்துவிட்டு ஓட நிற்கும் சனம் கதிரைக்குப் பின்னால் நின்று முணுமுணுக்கும். பொறுக்கமாட்டாமல், விளம்பரங்களை மறைக்கும் மென்பொருளை எல்லாக் கணினியிலும் போட்டுவிட்டான். போட்டதோடு நில்லாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“பாருங்கோ அண்ணை, உங்கட பக்கம் இப்ப பறக்குது. ஓரத்தில கிடந்த குப்பையெல்லாம் நிப்பாட்டிப்போட்டன்.”

ஹாஜியார் தேடிய தகரம்

அந்தக் குப்பையில் பெரிய பங்கு கிண்ணியா ஹாஜியாருடையது. கூரைத் தகரம் விற்பவர். அந்த நாட்களில் கூரைக்குத் தேவை குறையவில்லை. பட்டினத்துக்கு வந்தவர், தன் விளம்பரத்தைப் பார்க்க ஆசைப்பட்டு யோகனின் கடைக்கே போய்விட்டார். மேலும் கீழும் தேடினார். பிறகு என் வாசலில் வந்து நின்றார். மென்பொருளைப் பற்றி நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. அடுத்த மாத விளம்பரம் நின்றது.

“படகு இருக்கு, ஊரடங்கு இருக்கு. காசு தந்த நான் எங்க தம்பி?”

டொரொண்டோவிலிருந்து ஒரு போன் கோல்

மிஞ்சியது மரண அறிவித்தல். நிலாவெளியில் ஒரு தாய் நோயில் இறந்துபோனார். கனடாவில் இருக்கும் தமையனின் புது நம்பர் மகளிடம் இல்லை. அண்ணன் தினமும் உங்கள் பக்கம் பார்ப்பார் என்று சொல்லி, காசு கட்டி, அறிவித்தல் கொடுத்தாள். நான் அதையும் விளம்பரப் பெட்டிக்குள்தான் போட்டேன். அவருடைய கணினியிலும் அதே மென்பொருள். படகு ஓடுவதை வாசித்துவிட்டு அவர் வேலைக்குப் போயிருக்கிறார். யாரோ சொல்லித் தெரிந்துகொண்டபோது தகனம் முடிந்துவிட்டது. போனில் அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“எங்கட அம்மா செத்தது உங்களுக்கு விளம்பரமோ?”

எல்லாரும் பார்க்கிற இடம்

அன்றைக்கே மரண அறிவித்தல்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, படகுச் செய்திக்குக் கீழே வெறும் எழுத்தாகப் போட்டேன். எந்த மென்பொருளாலும் மறைக்க ஏலாது. ஹாஜியார் அதைக் கண்டுவிட்டார். வாடகைக் கெடுவுக்கு முதல் நாள் திரும்பவும் என் வாசலில் நின்றார், இந்த முறை கையில் காசோடு.

“என்ட தகரத்தையும் மௌத்து அறிவித்தலுக்குப் பக்கத்தில போடுங்க தம்பி. ஆக்கள் அங்கதானே பாக்குறாங்க.”

போட்டேன்; சாவுக்கும் படகுக்கும் நடுவில் தகரம் விற்றுத் தளத்தைக் காப்பாற்றிய பத்திரிகைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.